ஷூ கம்பெனிக்கு மேனேஜர் தேடுவது: நௌக்ரியா, கன்சல்டன்சியா, நாமே போன் போடுவதா?

மேல்விஷாரம் பக்கம் ஷூ கம்பெனி நடத்தும் நண்பர் ஒருவர் பிப்ரவரி தொடக்கத்தில் போன் செய்தார். "சார், நம்ம புரொடக்ஷன் மேனேஜர் ஜூலையோட ரிடையர் ஆகுறார். நௌக்ரி வெப்சைட்ல போடவா, ஆள் எடுத்துத் தர்ற கன்சல்டன்சிகிட்ட கொடுக்கவா, இல்ல மெட்ராஸ்ல பெரிய பதவிக்கெல்லாம் ஆள் தேடித் தர்ற எக்சிக்யூட்டிவ் சர்ச் கம்பெனி யாரையாவது பிடிக்கவா?" என்று கேட்டார். "ரெண்டு நாள் குடுங்க பாய், யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

ராணிப்பேட்டைக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே உள்ள கம்பெனிகளில் பதினெட்டு வருடமாக ஆள் எடுக்கும் வேலை பார்க்கிறேன். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு நிற்கும் சிறு முதலாளிகள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தப்பான வழியில் தேடி ஆறு மாதம் வீணாக்கியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அவர் கம்பெனியில் நானூறு பேர் வேலை செய்கிறார்கள். ஐரோப்பாவுக்கு ஆண்கள் ஷூ போகிறது. மேனேஜருக்கு வருடம் 15 லட்சம் வரை கொடுக்கத் தயார். போகிறவர் நல்லபடியாக ஓய்வு பெற்றுப் போகிறார், அதனால் ரகசியம் காக்க வேண்டிய அவசியம் இல்லை. இது பெரிய வசதி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் நாள் கணக்கைப் பார்த்துவிடுவோம். பழையவரும் புதியவரும் ஒரு மாதமாவது சேர்ந்து புரொடக்ஷன் லைனில் நடக்க வேண்டும். அப்படியானால் ஜூலை 1-ல் புதியவர் சேர வேண்டும். இந்த நிலையில் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் 90 நாள் நோட்டீஸ் பீரியட். ஏப்ரல் 2-க்குள் அவர் தன் கம்பெனியில் ராஜினாமா கொடுத்திருக்க வேண்டும். ஆக, தேடுவதற்கும் பேசி முடிப்பதற்கும் கையில் இருப்பது இரண்டே மாதம்.

அடுத்தது தலைக் கணக்கு. இந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்களில் எத்தனை பேர் இப்போது வேலை தேடுகிறார்கள்? அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் என்றால் வேலூர், காட்பாடி சுற்றி மட்டுமே ஆயிரக்கணக்கில் இருப்பார்கள், தேடுகிறவர்களும் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். தோலை வெட்டும் கட்டிங், தைக்கும் குளோசிங், அச்சில் ஏற்றி வடிவம் கொடுக்கும் லாஸ்டிங், கடைசி மெருகான ஃபினிஷிங் நான்கையும் சேர்த்து ஓட்டத் தெரிந்து, ஷூ வாங்கும் வெளிநாட்டு பையரின் இன்ஸ்பெக்டர் வந்து நிற்கும்போது தடுமாறாமல் பதில் சொல்லக்கூடிய ஆள் என்றால் நிலைமை வேறு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, அந்தப் பக்கம் செய்யாறு சிப்காட், ஸ்ரீபெரும்புதூர், பல்லாவரம் என்று எல்லாவற்றையும் சேர்த்தாலும் பெயர்கள் இரண்டு தாளில் அடங்கிவிடும். அதில் வேலை தேடுகிறவர்கள் நாலைந்து பேர் இருந்தால் அதிகம். வழியைத் தேர்ந்தெடுப்பதை இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் செய்ய வேண்டும். செலவைப் பார்ப்பது அதற்கு அப்புறம்தான்.

நௌக்ரியில் இருந்து ஆரம்பிக்கலாம். அதில் இரண்டு விதமாக ஆள் பிடிக்கலாம். விளம்பரம் போட்டுவிட்டு வருகிற விண்ணப்பங்களைப் பார்ப்பது ஒன்று. ரெஸ்டெக்ஸ் என்கிற அவர்களின் ரெஸ்யூம் கிடங்குக்குப் பணம் கட்டி நாமே உள்ளே போய்த் தேடுவது மற்றொன்று. கன்சல்டன்சிகளின் அன்றாட வேலை பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். பதவிப் பெயர், துறை, ஊர், சம்பளம், நோட்டீஸ் பீரியட் எல்லாவற்றையும் கொடுத்து வடிகட்டுவார்கள். சமீபத்தில் தளத்துக்குள் வந்து போனவர்களின் ரெஸ்யூமை முதலில் திறப்பார்கள், ஏனென்றால் அவர்கள்தான் போனை எடுப்பார்கள். 1997-லிருந்து நடக்கும் தளம் என்பதால் பத்து வருடத்துக்கு முந்தைய ரெஸ்யூமும், மாறிப்போன போன் நம்பரும் ஏராளமாகக் கிடக்கும்.

தேடும்போது நம் ஊர்க்காரர்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. ஊர்ப் பெயர். ராணிப்பேட்டை என்று மட்டும் போட்டால் வாலாஜாபேட்டை, ஆற்காடு, விஷாரம் என்று எழுதியவர்கள் விடுபட்டுப் போவார்கள். ஆம்பூர்க்காரர் பலர் ரெஸ்யூமில் இன்னும் வேலூர் மாவட்டம் என்றுதான் இருக்கும், ஏனென்றால் 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ரெஸ்யூமைத் திருத்தவே இல்லை. திருப்பத்தூர் என்று போட்டால் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்க்காரர்களும் வந்து நிற்பார்கள். அதனால் எல்லாப் பெயர்களையும், எல்லா ஆங்கில எழுத்துக்கூட்டல்களையும், நடுவில் 'அல்லது' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டு ஒரே தேடலாக எழுத வேண்டும். 'ஃபுட்வேர்' என்பதை ஒரே சொல்லாக எழுதியவரும் இருப்பார், இரண்டாகப் பிரித்து எழுதியவரும் இருப்பார், வெறும் 'ஷூ' என்று எழுதியவரும் இருப்பார். மூன்றும் வேண்டும். கடை நடத்துகிறவர்களையும் ஷோரூம் மேனேஜர்களையும் கழித்துவிட 'வேண்டாம்' சொற்களையும் சேர்க்க வேண்டும். இதைச் சரியாகச் செய்தால் ஒரு மணி நேரத்தில் முப்பது பெயர் கிடைக்கும். அதில் இந்தப் பதவிக்குத் தேறுவது ஒன்றோ இரண்டோதான். காரணம் எளிது. நல்ல புரொடக்ஷன் மேனேஜருக்கு நௌக்ரி பக்கம் போகவே தேவை இருந்திருக்காது. ஒரு கம்பெனியை விட்டால் அடுத்த கம்பெனி முதலாளியே கூப்பிட்டிருப்பார்.

லிங்க்ட்இன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பையரின் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், டிசைனர், ஏற்றுமதி மார்க்கெட்டிங், ஃபைனான்ஸ் ஆட்களுக்கு அது நல்ல இடம், நேரடியாகச் செய்தி அனுப்பலாம். ஷாப் ஃப்ளோரிலேயே வளர்ந்து மேனேஜர் ஆனவர்கள் நம் வட்டாரத்தில் அதில் கணக்கு வைத்திருப்பதே குறைவு, வைத்திருந்தாலும் திறந்து பார்ப்பதில்லை. ஆனால் யார் எந்தக் கம்பெனியில் என்ன பதவியில் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள அது உதவும். அதற்காக மட்டும் பயன்படுத்துங்கள் என்று பாயிடம் சொன்னேன்.

தெரிந்தவர்கள் மூலம் எடுப்பதுதான் இந்த ஊரின் பழக்கம். தோல் பதனிடும் டேனரி காலத்திலிருந்தே மேஸ்திரி சொல்லி ஆள் வரும், அவர் வாக்குதான் சான்றிதழ். இன்றைக்கும் நல்ல ஆட்களில் பலர் இந்த வழியில்தான் வருகிறார்கள். அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1960-களின் கடைசியில் பாஸ்டன் அருகே நியூட்டன் என்ற ஊரில் வேலை மாறியவர்களைக் கேட்டுப் பார்த்தார். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தெரிந்தவர் மூலம்தான் வேலை கிடைத்திருந்தது. ஆனால் அந்தத் தெரிந்தவர் நெருங்கிய நண்பரோ சொந்தக்காரரோ இல்லை. பெரும்பாலும் எப்போதாவது பார்க்கிற, பழைய வேலையிடத்து அறிமுகம். நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்தவையேதான் தெரிந்திருக்கும், தூரத்து அறிமுகம்தான் நமக்குத் தெரியாத ஆளைத் தெரிந்து வைத்திருப்பார். என் பதினெட்டு வருட அனுபவமும் இதையேதான் சொல்கிறது. மச்சானிடம் கேட்பதைவிட, லாஸ்டிங் மிஷின் சர்வீஸுக்கு வரும் மெக்கானிக்கிடம் கேட்பது மேல். அவர் மாதம் இருபது கம்பெனிக்குள் போய் வருகிறார். எந்த லைன் சீராக ஓடுகிறது, எந்த மேனேஜர் கத்தாமல் வேலை வாங்குகிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சோல் சப்ளையர், கெமிக்கல் விற்பவர், பையருக்காகத் தரம் பார்க்கும் க்யூ.சி. ஆட்கள், அடையாறு சி.எல்.ஆர்.ஐ. என்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து படித்த லெதர் டெக்னாலஜி பேட்ச் நண்பர்கள், இவர்கள் எல்லாரும் அப்படிப்பட்ட அறிமுகங்கள்.

இந்த வழியில் ஒரு குறை எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. தெரிந்தவர் மூலம் என்றால் ஒரே தெரு, ஒரே சொந்தம், ஒரே சமுதாயம் என்று சுற்றிச் சுற்றி வருகிறது. தையல் பிரிவு முழுக்கப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இருபது வருடம் குளோசிங் லைனை நடத்திய பெண் சூப்பர்வைசர்கள் இருக்கிறார்கள். மேனேஜர் பதவிக்கு யாரைச் சொல்லலாம் என்று கேட்டால் ஒருவர் வாயிலும் அவர்கள் பெயர் வராது. கேட்கிற நாம்தான் "பெண்கள்ல யார் இருக்காங்க?" என்று தனியாகக் கேட்க வேண்டும். கேட்டால் பெயர் வருகிறது. நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

இப்போது கன்சல்டன்சி. ஆள் சேர்ந்தால்தான் பணம் என்பது இவர்கள் முறை. நம் நாட்டில் வழக்கமான கட்டணம் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். கடினமான பதவிக்கு இன்னும் கூடுதலாகக் கேட்பார்கள். 15 லட்சத்துக்கு ஏறக்குறைய 1.25 லட்சம், அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்து 1.47 லட்சம் சொச்சம். ஆள் மூன்று மாதத்துக்குள் நின்றுவிட்டால் வேறொருவரைத் தருவதாக எழுதிக் கொடுப்பார்கள். அது பணத்தைத் திருப்பிக் கொடுப்பதாக இருக்காது, மாற்று ஆள் மட்டும்தான். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைப் படியுங்கள்.

சேர்ந்தால்தான் பணம் என்பது நமக்குப் பாதுகாப்பு போலத் தெரியும். அதற்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே வேலையை மூன்று கன்சல்டன்சிக்குக் கொடுத்தால் யாருக்கும் உறுதி இல்லை. அதனால் யாரும் ஆழமாகத் தேட மாட்டார்கள். முதலில் அனுப்பியவருக்குத்தான் பணம் என்பதால் கிடைத்த ரெஸ்யூமை அவசரமாக அனுப்பி வைப்பார்கள். சில சமயம் விண்ணப்பித்தவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரே ஆளின் ரெஸ்யூம் இரண்டு பேரிடமிருந்து வந்து, யாருக்குப் பணம் என்று சண்டையான கதையும் உண்டு. கொடுப்பதென்றால் ஒருவரிடம் மட்டும், ஒரு மாதத்துக்கு மட்டும் கொடுங்கள். "ஷூ கம்பெனிக்குள்ள எப்பவாவது போயிருக்கீங்களா? போன் போடப்போறது நீங்களா, உங்க ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பிள்ளையா?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில் எல்லாம் தெரிந்துவிடும்.

முன்பு நான் இருந்த ஒரு கம்பெனியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். இருந்த மேனேஜரை மாற்ற முடிவு செய்து, அவருக்குத் தெரியாமல் ஒரு கன்சல்டன்சியிடம் சொன்னோம். அவர்கள் கம்பெனி பெயரை மறைத்து, ஊரையும் ஆட்கள் எண்ணிக்கையையும் ஏற்றுமதி நாட்டையும் போட்டு ஒரு வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட்டார்கள். இந்த வட்டாரத்தில் அந்த மூன்றும் தெரிந்தால் கம்பெனி எது என்று சிறு பிள்ளையும் சொல்லும். காலையில் அனுப்பினார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் அந்த மேனேஜர் போனை நீட்டிக்கொண்டு என் மேஜை முன் வந்து நின்றார். "இது நம்ம கம்பெனிதானே சார்?" என்று மட்டும் கேட்டார். பதினோரு வருடம் உழைத்தவர் அவர். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. நாங்களே முதலில் அவரிடம் நேராகப் பேசியிருக்க வேண்டும். பாயின் விஷயத்தில் ரகசியம் தேவையில்லை என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

வேலை தேடுகிற பிள்ளைகள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. முறையான கன்சல்டன்சி, ஆள் கேட்ட முதலாளியிடம்தான் பணம் வாங்கும். உங்களிடம் ரிஜிஸ்ட்ரேஷன், டிரெயினிங், டெபாசிட் என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெரிய சர்ச் கம்பெனிகள் வேறு உலகம். ஹைட்ரிக் அண்ட் ஸ்ட்ரகில்ஸ், ஸ்பென்சர் ஸ்டூவர்ட் இரண்டும் 1950-களில் சிகாகோவில் தொடங்கியவை. ஈகான் சேண்டர் 1964-ல் சூரிக்கில் தொடங்கியது. கார்ன் ஃபெரி 1969-ல் லாஸ் ஏஞ்சல்ஸில். இவர்களிடம் ஆள் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் பணம் உண்டு, தேடுவதற்கான கட்டணம் அது. முதல் வருடச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதை மூன்று தவணையாகக் கொடுப்பது இத்துறையில் பழகிய முறை. 15 லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் 5 லட்சம், ஜி.எஸ்.டி.யோடு 5.9 லட்சம். ஆனால் இந்தச் சம்பளப் பதவியைப் பொதுவாக அவர்கள் கையில் எடுக்கவே மாட்டார்கள். குடும்பத்துக்கு வெளியிலிருந்து முதல் முறையாக ஒரு சி.இ.ஓ. கொண்டுவருகிற நிலை வரும்போது அவர்களிடம் போகலாம்.

அப்போதும் முதல் கேள்வி ஒன்றைக் கேட்டுவிட வேண்டும். யாரிடம் பணம் வாங்கி வேலை செய்தார்களோ அந்தக் கம்பெனியிலிருந்து குறிப்பிட்ட காலம், பொதுவாக ஓரிரு வருடம், ஆளைத் தூக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு அவர்களுக்கு உண்டு. நம் தோல் தொழிலில் பெரிய குழுமங்கள் சில மட்டுமே. அவற்றில் இரண்டு ஏற்கனவே அந்த சர்ச் கம்பெனியின் வாடிக்கையாளர் என்றால், நமக்கு வேண்டிய ஆட்களில் பாதிப்பேரை அவர்கள் தொடவே முடியாது. பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு பயனில்லை.

அவர்கள் வேலை செய்யும் முறைதான் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது. ரெஸ்யூம் வரும் என்று அவர்கள் காத்திருப்பதில்லை. இந்த வேலை தெரிந்தவர்கள் எந்தெந்தக் கம்பெனிகளில் இருக்க முடியும் என்று முதலில் பட்டியல் போடுவார்கள். அப்புறம் ஒவ்வொரு கம்பெனியிலும் அந்த நாற்காலியில் யார், அவருக்கு மேலே யார், கீழே யார் என்று பெயர் பெயராக நிரப்புவார்கள். பிறகு போன். "உங்களுக்கு வேலை வேணுமா?" என்று கேட்க மாட்டார்கள். "இப்படி ஒரு பொறுப்புக்கு ஆள் தேடுறோம், உங்களுக்குத் தெரிஞ்சு யார் நல்லா இருப்பாங்க?" என்பார்கள். கேட்கப்பட்டவருக்கு அதில் மரியாதை இருக்கிறது. அவர் இரண்டு பெயர் சொல்வார். அந்த இருவரையும் கேட்டால் இன்னும் மூன்று வரும். நாலைந்து பேர் தனித்தனியாக ஒரே பெயரைச் சொன்னால் அந்தப் பெயரைச் சுற்றி வட்டம் போடுவார்கள். சில சமயம், சொல்கிறவரே கடைசியில் குரலைத் தாழ்த்தி, "எந்த ஊர்ல சார்?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்தால் அவருக்கே ஆசை இருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு வேண்டியது ஒரு எக்செல் தாள், ஒரு போன், பொறுமை, அப்புறம் ஷூ தொழில் தெரிந்த ஒருவர். 15 லட்சம் சம்பளப் பதவிக்கு, இரண்டு தாளில் அடங்கும் ஆட்களுக்கு, இதை நாமே செய்துவிடலாம். பாய்க்கு நான் சொன்ன யோசனை இதுதான்.

போன் போடுவதில் ஒழுங்கு வேண்டும். வேலை நேரத்தில், கம்பெனி லேண்ட்லைனில் கூப்பிடக் கூடாது. நான் ராத்திரி எட்டே முக்காலுக்கு மேல் கூப்பிடுவேன். ஷிப்ட் முடிந்து, வீட்டுக்குப் போய், குளித்துச் சாப்பிட்டிருப்பார்கள். "பேச முடியுமா, இல்ல நாளைக்குக் கூப்பிடட்டுமா?" என்று முதலில் கேட்பேன். நம்பர் யார் கொடுத்தது என்று கேட்டால் உண்மையைச் சொல்வேன், கொடுத்தவரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருப்பேன். வேண்டாம் என்றால் தாளில் அந்த நம்பரை அழித்துவிடுவேன். தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 2023-ல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் வராவிட்டாலும், பக்கத்துக் கம்பெனிக்காரர் கல்யாணத்தில் எதிரே வந்து உட்காரும் ஊர் இது, தலை நிமிர்ந்து பேச முடிய வேண்டும்.

பெயரில் வட்டம் விழுந்தவரை எங்கே பார்ப்பது என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆபீஸ் அறையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பதோடு நிறுத்துவதில்லை. ஞாயிற்றுக்கிழமை, லைன் நின்றிருக்கும்போது, கம்பெனிக்குள் கூட்டிப் போவேன். சில வருடங்களுக்கு முன் ஆம்பூரிலிருந்து ஒருவர் வந்தார். ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. ரேக்கில் இருந்த ஷூ ஒன்றை எடுத்தார். முன்பக்கத்தை மடக்கி, சோலும் மேல்பாகமான அப்பரும் ஒட்டிய கோட்டில் கட்டை விரல் நகத்தை ஓட்டினார். ஜோடியின் இன்னொன்றை எடுத்து இரண்டின் பின்பக்கத்தையும் சேர்த்து வைத்து உயரம் பார்த்தார். "பசை போட்டு எத்தனை நிமிஷம் காய விடுறீங்க?" என்றார். அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அந்தச் சமயத்தில் எங்களுக்கு சோல் பிரிகிறது என்று பையரிடமிருந்து புகார் வந்துகொண்டிருந்தது, அது அவருக்குத் தெரியாது. அவர் ரெஸ்யூம் அரைப் பக்கம்தான், அதிலும் எழுத்துப்பிழை. எந்தத் தேடலிலும் அது மேலே வந்திருக்காது.

இன்னொரு பக்கம், ஆள் கிடைத்தாலும் வருவாரா என்ற கேள்வி இருக்கிறது. சென்னையிலோ பெங்களூரிலோ குடும்பம் உள்ளவரைக் கேட்டால் அவர் மட்டும் முடிவு எடுக்க மாட்டார். பிள்ளையின் பள்ளிக்கூடம், மனைவியின் வேலை, வயதான அம்மாவுக்கு மருத்துவம் என்று பேச்சு போகும். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பது இந்தப் பேச்சில் எத்தனையோ முறை எனக்குக் கை கொடுத்திருக்கிறது. அதனால் நான் பட்டியலில் முதலில் தேடுவது இந்த ஊர்க்காரர்களைத்தான். குடியாத்தத்தில் பிறந்து ஸ்ரீபெரும்புதூரில் இருப்பவர், பேரணாம்பட்டில் அம்மா அப்பா இருக்க வெளிநாட்டுத் தொழிற்சாலையில் இருப்பவர். இவர்களுக்கு 15 லட்சத்தோடு சொந்த வீட்டுத் திண்ணையும் கணக்கில் சேரும்.

போட்டியும் கூடியிருக்கிறது. பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸின் 9,000 கோடி ரூபாய் கார் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் தைவானின் ஹாங் ஃபூ குழுமத்தின் ஷூ தொழிற்சாலைக்கும் அங்கேயே அடிக்கல் விழுந்தது. நம்மிடம் இருக்கும் நல்ல சூப்பர்வைசர்களை அவர்களும் தேடத்தான் போகிறார்கள். அதனால் வெளியே போன் போடுவதற்கு முன், உள்ளே இருப்பவர்களை ஒரு முறை பார்த்துவிடுங்கள் என்றும் பாயிடம் சொன்னேன். அவர் குளோசிங் பிரிவில் ஒரு அம்மா இருக்கிறார். லாஸ்டிங் பக்கம் அனுபவம் இல்லை என்பது மட்டும்தான் குறை. இப்போது வேண்டாம் என்றாலும், புதியவருக்குக் கீழே துணை மேனேஜராக வைத்துப் பழக்கினால் அடுத்த முறை இந்த அலைச்சல் இருக்காது. பாய் கொஞ்ச நேரம் யோசித்தார். "அவங்ககிட்ட நானே பேசறேன் சார்" என்றார்.

மற்றபடி பிரித்துக்கொண்டோம். அக்கவுண்ட்ஸ், ஸ்டோர்ஸ் ஆட்களுக்கு நௌக்ரி போதும். மெர்ச்சண்டைசருக்கு லிங்க்ட்இன். தையல் ஆட்களுக்குப் பஞ்சாயத்து போர்டு சுவரில் நோட்டீஸும், வேலை செய்கிறவர்கள் அக்கம்பக்கத்தில் சொல்வதும்தான். மேனேஜருக்கு மார்ச் 10 வரை நாமே தேடுவது. அதற்குள் மூன்று பேராவது ஞாயிற்றுக்கிழமை வந்து லைனைப் பார்க்கவில்லை என்றால், ஷூ தொழில் தெரிந்த ஒரே ஒரு கன்சல்டன்சிக்கு நம் தாளையும் கொடுத்து மீதியை அவர்களைச் செய்யச் சொல்வது.

தாளில் இப்போது முப்பத்தொரு பெயர் இருக்கிறது. லாஸ்டிங் மிஷின் மெக்கானிக் வியாழக்கிழமை வாலாஜா பக்கம் சர்வீஸுக்கு வருகிறாராம். சாயங்காலம் டீ குடிக்க வரச் சொல்லியிருக்கிறேன்.